குறையில்லாத ஊரில் கதைக்கு என்ன வேலை? மிகுபுனைவில் லட்சிய உலகையும் நாயகரையும் அமைக்கும் முறை

மிகுபுனைவு, அதாவது மாய உலகக் கதை எழுத உட்காருகிற பலரும் முதலில் ஒரு வரைபடம் போடுகிறார்கள். மலை, ஆறு, நடுவில் ஒளி வீசும் நகரம். அங்கே பசி கிடையாது, போர் கிடையாது, களவு கிடையாது. இருபது பக்கம் எழுதியதும் கை நின்றுவிடும். எல்லாம் சரியாக இருக்கும் ஊரில் நாயகனுக்கு வேலை ஏது? உடனே எங்கிருந்தோ ஓர் இருள் அரசனைக் கொண்டுவந்து ஊருக்குத் தீ வைக்க வேண்டியிருக்கிறது. கதை ஓடத் தொடங்கும், உண்மைதான். ஆனால் அவ்வளவு ஆசையாகக் கட்டிய உலகம் வெறும் பின்திரையாகிவிடும். எரிந்தது வேறு ஊராக இருந்திருந்தாலும் கதையில் ஒரு வரிகூட மாறாது.

லட்சிய உலகைக் கட்டும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நன்மைக்கு விலை கொடுப்பது யார்? அந்த விலை யார் தலையில் விழுகிறதோ, நாயகனோ நாயகியோ அங்கேதான் பிறக்க வேண்டும். உலகமும் நாயகரும் தனித்தனியாகச் செய்து பிறகு ஒட்டுகிற இரண்டு துண்டுகள் இல்லை.

இந்த வகை எழுத்துக்கே பெயர் கொடுத்த நூலில் இதைப் பார்க்கலாம். தாமஸ் மோர் 1516-இல் வெளியிட்ட 'யுடோபியா' என்ற பெயர், கிரேக்கத்தில் 'இல்லாத இடம்' என்று பொருள்படும். 'நல்ல இடம்' என்று காதில் விழும்படியும் அமைந்திருக்கிறது. அந்தத் தீவில் 54 நகரங்கள். ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான் உழைப்பு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வீடுகளை மாற்றிக்கொள்வார்கள். பொன்னில் யாருக்கும் ஆசை வரக்கூடாது என்று மலச்சட்டிகளைப் பொன்னால் செய்திருப்பார்கள். அதே பொன்னால்தான் அடிமைகளுக்கான விலங்குகளும் செய்யப்படுகின்றன. ஆம், அங்கே அடிமைகள் உண்டு. கால்நடைகளை வெட்டுவது போன்ற வேலைகள் அவர்களுக்கு. நூலில் அவர்களுக்குக் குரல் இல்லை. இன்று ஒருவர் அந்தத் தீவில் நாவல் எழுத உட்கார்ந்தால், பொன் விலங்கு மாட்டிய அந்தக் கைகளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு குறையை மட்டும் நீக்குங்கள்

பசி, நோய், முதுமை, போர், பொறாமை என எல்லாவற்றையும் ஒரே வீச்சில் துடைத்துவிட்டால் மனிதர்களை அடையாளம் தெரியாமல் போகும். ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுத்து, அது எப்படி நீங்கியது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வாக்கியத்தில் 'ஆனால்' வந்தால் விதி இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரு சிறு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஊரின் பெயர் தாழிலி, அதாவது தாழ்ப்பாள் இல்லாத ஊர். விதி: *தாழிலியில் ஒருவருடைய பொருள் யாரிடம் இருந்தாலும், மறுநாள் விடியலில் அது சொந்தக்காரரிடம் திரும்பிவிடும்.* களவு என்ற ஒரு குறைதான் நீங்கியிருக்கிறது. பொறாமை இருக்கும், நோய் இருக்கும், காதல் தோல்வி இருக்கும்.

இனி இந்த வாக்கியத்தை மூன்று வட்டங்களில் நடத்திப் பார்க்க வேண்டும். முதல் வட்டம் வீடு. பூட்டு கிடையாது, கதவுக்குத் தாழ் கிடையாது. இரவல் வாங்கிய விளக்கு விடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வேண்டுமானால் மறுபடி கேட்க வேண்டும். ஆகவே இந்த ஊரில் காலைப்பொழுது ஒருவரை ஒருவர் கேட்பதில் தொடங்குகிறது. அண்டை வீட்டோடு பேச்சை முறித்துக்கொள்வது இங்கே யாருக்கும் கட்டுப்படியாகாது. பாருங்கள், விதியை மட்டும்தான் வைத்தோம். அதிலிருந்து ஊரின் குணம் தானாக வந்துவிட்டது.

இரண்டாவது வட்டம் சந்தை. பொருள் திரும்பிவிடும் என்றால் விற்பது எப்படி? கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் பொருளைத் தொட்டு 'இனி உன்னது' என்று உரிமை மாற்ற வேண்டும். அப்படியென்றால் ஆள் மூலம் சரக்கு அனுப்பி விற்க முடியாது. பெரு வணிகர்கள் உருவாக மாட்டார்கள். ஊர் சிறியதாகவே இருக்கும்.

மூன்றாவது வட்டம் பிறப்பும் இறப்பும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். கதை கிடப்பதோ இங்கேதான். இறந்தவரால் பொருளைத் தொட்டு 'இனி உன்னது' என்று சொல்ல முடியாது. திடீரென்று இறந்தவரின் பொருள்கள் ஒவ்வொரு விடியலிலும் அவர் புதைகுழிக்கே போய்ச் சேரும். அதற்குப் பயந்து முதியவர்கள் அறுபது வயதிலேயே எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு மாற்றிவிட்டு வெறுங்கையோடு நிற்பார்கள். மாற்றுவதற்கு முன்பே செத்துப்போனவர்களின் பிள்ளைகள்? அவர்கள் வீடு தினமும் விடியலில் காலியாகும்.

விலை கொடுப்பவர் கிடைத்துவிட்டார்.

விலை யாரிடம் வசூலாகிறது

லட்சிய உலகங்களில் இந்தச் சுமை வழக்கமாக விழும் இடங்கள் சில உண்டு. கண்ணில் படாத உழைப்பாளிகள் மேல் விழலாம், மோரின் தீவில் போல. ஒரே ஒருவர் மேல் விழலாம்: அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1973-இல் வெளியிட்ட 'ஓமெலாஸ்' கதையில் ஒரு நகரத்தின் மொத்த மகிழ்ச்சியும் நிலவறையில் அடைபட்ட ஒரு குழந்தையின் துன்பத்தில் நிற்கிறது, அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மக்கள் தொகையில் பாதிப் பேர் மேல் விழலாம்: வங்க எழுத்தாளர் ரொக்கையா 1905-இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கில இதழில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதையில் பெண்கள் சூரிய வெப்பத்தைக் கொண்டு சமைக்கிறார்கள், அதே வெப்பத்தால் எதிரியை விரட்டுகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள். அவர் காலத்தில் பெண்கள் மேல் இருந்த சுமையை அப்படியே திருப்பிப் போட்டதில்தான் அந்தக் கதையின் கூர்மை. எல்லைக்கு வெளியே நிற்கும் காவலர்கள் மேலும் விழலாம். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில், ஷயர் என்ற நாட்டில் ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்கள் நிம்மதியாகத் தூங்குவது, தாங்கள் பெயர்கூட அறியாத ரேஞ்சர்கள் என்ற காவலர்கள் எல்லையைக் காப்பதால்.

உங்கள் உலகில் இது எங்கே விழுகிறது என்று பெயரோடு எழுதுங்கள். 'ஏழைகள்' என்று எழுதினால் போதாது. 'எதிர்பாராமல் பெற்றோரை இழந்த பிள்ளைகள், ஊரில் இப்போது ஏழு பேர்' என்று எழுத வேண்டும். எண் வந்ததும் முகம் வரும்.

கவனிக்க வேண்டிய ஒன்று: அந்த விலை ஒரு வில்லனின் சதியாக இருக்கக்கூடாது. 'சொர்க்கம் என்று நினைத்தோம், உண்மையில் மன்னன் குழந்தைகளின் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தான்' என்ற திருப்பத்தை வாசகர் மூன்றாம் அத்தியாயத்திலேயே ஊகித்துவிடுவார். அது வெளிப்பட்ட பிறகு விவாதிக்கவும் எதுவும் மிஞ்சாது. மன்னனைக் கொன்றால் கதை முடிந்தது. விதியிலிருந்தே விளைந்த துன்பம் என்றால், விதியின் நன்மையும் அங்கேயே நிற்கும். வாசகர் இரண்டையும் ஒரே கையில் தாங்க வேண்டியிருக்கும்.

சோற்றுக் கணக்கு

மாய உலகமாக இருந்தாலும் வயிறு உண்டு. இந்தக் கணக்கைத் தோராயமாகவாவது போட்டுவிட்டால் பாதித் தவறுகள் முளைக்காது. ஆளுக்கு ஆண்டுக்கு 200 கிலோ தானியம் என்று வையுங்கள். இயந்திரம் இல்லாத காலத்துச் சமூகங்களில் மிகப் பெரும்பாலோர் உழவர்களே. ஆகவே 10,000 பேர் வாழும் நகரத்துக்குப் பின்னால் குறைந்தது 40,000 பேர் வயலில் நிற்க வேண்டும். மொத்தம் 50,000 வயிறு, 10,000 டன் தானியம். ஹெக்டேருக்கு ஒரு டன் விளைச்சல், அதில் கால் பங்கு விதைக்குப் போனால் ஏறக்குறைய 13,300 ஹெக்டேர் வேண்டும். நிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தரிசு விட்டால் அது 25,000 ஹெக்டேரைத் தொடும், அதாவது 250 சதுர கிலோமீட்டர். நகரத்தை நடுவில் வைத்து வட்டம் போட்டால் ஆரம் 9 கிலோமீட்டர். இரண்டு மணி நேர நடை. நகர வாயிலைத் தாண்டியதும் அடர்ந்த காடு என்று எழுதியிருந்தால் இப்போது அடித்துவிடுங்கள். நாயகி நாளைக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் நடப்பாள்; சுமை வண்டியோடு போனால் அதில் பாதிதான்.

மாயத்தால் சோறு கிடைக்கிறது என்றால் கணக்கு வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். அப்போதுதான் பெரிய கேள்வி வருகிறது: அந்த 40,000 பேரும் பகலெல்லாம் என்ன செய்கிறார்கள்?

நாயகரைச் செய்வது

தாழிலியின் நாயகி அலரி, வயது 14. அம்மா நெசவாளி, ஆற்றங்கரை இடிந்து விழுந்து ஒரே நாளில் போய்விட்டாள். தறி பெரியது, அசையாது. தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா மட்டும் ஒவ்வொரு விடியலிலும் அம்மாவின் புதைமேட்டுக்குப் போய்விடுகிறது. அலரி தினமும் இடுகாட்டுக்கு நடந்து அதை எடுத்துவந்து நெய்கிறாள்.

இப்படி ஒரு பாத்திரம் கிடைத்ததும் ஒரு தாளில் ஐந்து விஷயங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் வேண்டுவது என்ன (நாடா தன்னிடமே தங்க வேண்டும்). உண்மையில் அவளுக்கு இல்லாதது என்ன (தினமும் அம்மாவைப் பார்க்கப் போக இந்த நடை ஒரு சாக்கு, அது நின்றால் அழ வேண்டியிருக்கும்). அவளுக்கு என்ன தெரியும், அதைக் கற்க எவ்வளவு காலம் ஆனது (நெசவு, ஆறு ஆண்டுகள்). விதியால் அவளுக்கும் ஏதாவது நன்மை உண்டா (உண்டு; ஆளில்லாத அவள் வீட்டில் யாரும் கை வைக்க முடியாது). எதை எந்த நிலையிலும் செய்யமாட்டாள். நான்காவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விதியால் துன்பம் மட்டுமே பெற்ற நாயகருக்குத் தயக்கமே வராது. தயக்கம் இல்லாதவர் எடுக்கும் முடிவில் வாசகருக்கு அக்கறையும் வராது.

நாயகர் ஊருக்கு உள்ளேயிருந்து எழலாம், வெளியேயிருந்து வரலாம். வெளியாள் என்றால் விளக்கம் எளிது. அவரோடு சேர்ந்து வாசகரும் ஊரைப் பார்ப்பார். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு 'இது எங்கள் நூலகம், இது எங்கள் மருத்துவமனை' என்று சுற்றிக்காட்டியே பாதி நூல் போய்விடும். ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த சீனக் கவிஞர் தாவோ யுவான்மிங் இதைச் சில பத்திகளிலேயே முடித்தார். மீனவர் ஒருவர் பீச் மலர்த் தோப்பு வழியாக ஒரு மறைவான ஊருக்குள் போகிறார். சின் ஆட்சிக்குத் தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அதன் பின் ஹான் என்று ஓர் அரசு இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. திரும்பும்போது வழிநெடுக அடையாளம் வைக்கிறார். மறுபடி தேடினால் வழி கிடைப்பதில்லை. வெளியாளை வைத்து எழுதினால், ஊரைப் பார்த்தபின் அவர் எதை இழக்கிறார் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

'தேர்ந்தெடுக்கப்பட்டவன்' பற்றி ஒரு வார்த்தை. முன்னறிவிப்பு நாயகனின் முடிவை அவனிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. கட்டாயம் வேண்டுமென்றால், முன்னறிவிப்பு விளைவைச் சொல்லாமல் ஒரு நிகழ்வை மட்டும் சொல்லட்டும்: 'நெய்தவள் கையால் மணி நிற்கும்.' நின்றால் நல்லதா கெட்டதா, எந்த நெசவாளி என்பதெல்லாம் திறந்தே இருக்கும்.

தொன்ம ஆய்வாளர் ஜோசப் கேம்பல் 1949-இல் வகுத்த நாயகப் பயணத்தில் 17 கட்டங்கள் உண்டு. அதைப் பட்டியலாக வைத்து ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போனால் எல்லாக் கதையும் ஒன்றுபோலவே வரும். லட்சிய உலகக் கதைக்கு அதில் கடைசிப் பகுதியைத்தான் இறுகப் பிடிக்க வேண்டும்: திரும்பி வருதல். புறப்பட்டவள் வேறு, திரும்புகிறவள் வேறு. ஊர் அதே ஊர். அந்த உரசலுக்கு நூலில் ஐந்தில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள்.

தோல்விகள் குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் வேண்டும். முதலில் அறியாமையால் (அலரி நாடாவைத் தறியோடு கட்டிவைக்கிறாள், கயிறு மட்டும் மிஞ்சுகிறது). பிறகு திறமைக் குறையால். மூன்றாவது அவள் குணத்தால் வரட்டும். அதுதான் கதையின் நடு முடிச்சு.

காட்சியில் விதி எப்படித் தெரிய வேண்டும்

முதல் வரைவில் இப்படித்தான் வரும்: 'தாழிலியில் களவே கிடையாது. மக்கள் பூட்டு இல்லாமல் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள். பண்டைய மாயம் ஒன்று அவர்களைக் காத்தது. ஆனால் அலரி மட்டும் சோகமாக இருந்தாள்.' நான்கு வாக்கியம், ஒரு பொருள்கூடக் கண்ணில் படவில்லை. அதே செய்தியை இப்படிக் கொடுத்துப் பாருங்கள்:

'கடைசி இழையை ஓட்டி முடித்ததும் அலரி நாடாவை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே முதல் கோழி கூவியது. கையில் கனம் குறைந்தது. விரலை விரித்துப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு இடுகாட்டுப் பக்கம் நடந்தாள். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து, "இன்னிக்குச் சீக்கிரமே கிளம்பிட்டியா, கண்ணு?" என்று கேட்டார் தாத்தா. அவருக்குப் பின்னால் கதவு அகலத் திறந்து கிடந்தது.'

மாயம் என்ற சொல்லே இல்லை. பார்க்காமலே நடந்தாள் என்பதில் இது பல நாள் பழக்கம் என்பது தெரிகிறது. விளக்கம் அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கலாம், வாசகர் பொறுத்துக்கொள்வார். முதல் ஐம்பது பக்கத்தில் விதியை நேரடியாக விளக்கும் வரிகள் பத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதி உடையும் இடங்கள்

கூர்மையான வாசகர் கேட்கும் கேள்விகளை நீங்களே முதலில் கேட்டுவிட வேண்டும். எவ்வளவு பெரிய பொருள் திரும்பும்? ஒருவர் தூக்கக்கூடியது மட்டும். எல்லை எதுவரை? ஆறுவரை; திருடன் விடிவதற்குள் ஆற்றைத் தாண்டினால் பொருள் அவனுக்கே. அம்மாவின் நாடாவால் அலரி நெய்த துணி யாருடையது? நூல் யாருடையதோ அவருடையது. அப்படியானால் அம்மா வாங்கி வைத்த நூலில் நெய்ததெல்லாம் புதைமேட்டுக்குப் போய்விடும். முதல் மாதம் அலரிக்கு வருமானமே இல்லை. யாரோ நூல் கொடுத்திருக்க வேண்டும். யார்? இந்தக் கேள்வியிலிருந்து ஒரு புதுப் பாத்திரமே பிறக்கிறது. ஓட்டையை அடைக்கப் போய் ஆள் கிடைப்பது இந்த வேலையின் பெரிய இன்பம்.

ஆசை காட்டும் தவறு ஒன்றும் உண்டு. அம்மா உண்மையில் சாகவில்லை, ஆற்றுக்கு அப்பால் உயிரோடு இருக்கிறாள், நாடா அவள் கைக்கே போகிறது என்று நடுவில் ஒரு திருப்பம் வைக்கத் தோன்றும். அழகான திருப்பம்தான். ஆனால் ஆறுதான் எல்லை என்று முன்பே சொல்லிவிட்டோம்; அப்பால் இருப்பவர் கைக்கு நாடா போக முடியாது. அந்தத் திருப்பம் வேண்டுமென்றால் எல்லையை முதல் அத்தியாயத்திலேயே மாற்றி, அதனால் சந்தையில் என்னென்ன மாறும் என்று மூன்று வட்டங்களையும் மறுபடி சுற்றிவர வேண்டும். நடுவில் ஒரு விதிவிலக்கைச் செருகினால் அதற்குப் பிறகு எந்த ஆபத்தையும் வாசகர் நம்பமாட்டார்.

எதிர்த்து நிற்பவர்

விதியைக் காப்பவருக்கு நல்ல காரணம் வேண்டும். தாழிலியின் மூத்தவள் ஒருத்தி, விதி வருவதற்கு முந்தைய இரவுகளை நினைவில் வைத்திருப்பவள். ஒரு பானைத் தானியத்துக்காகத் தன் அண்ணன் குத்துப்பட்டதைக் கண்டவள். ஏழு பிள்ளைகளின் துயரம் அவளுக்கும் தெரியும். அவள் குரலில் ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள், அலரி குறுக்கிடாமல். படித்து முடித்ததும் எழுதிய உங்களுக்கே மனம் ஆடவில்லை என்றால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

பெயர்கள்

தமிழில் எழுதும் மிகுபுனைவில் 'ஸ்ட்ராக்தோர்', 'எல்டிரியன்' என்று பெயர் வைத்தால் மொழிபெயர்ப்பு வாசனை அடிக்கும். தமிழின் ஒலிமரபே நல்ல கருவி. மரபுப்படி ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை சொல்லுக்கு முதலில் வராது. உள்ளூர்ப் பெயர்களில் இதைக் கடைப்பிடித்து, வெளியார் பெயர்களில் மட்டும் மீறினால் பெயரைக் கேட்டதுமே யார் எந்தப் பக்கம் என்று காது சொல்லிவிடும். ஓர் இனத்துக்கு மெல்லினமும் இடையினமும் மிகுந்த பெயர்கள் (நிமலை, மாயோள்), இன்னோர் இனத்துக்கு வல்லினம் மிகுந்தவை (கட்டகன், பற்றி). ஊர்ப் பெயர்களுக்கு -இலி, -வாய், -துறை, -கால் போன்ற ஈறுகளில் மூன்றை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். நிலம் ஒன்றாகத் தோன்றும். முக்கியப் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டாம்.

முடிவு

விதி அழியலாம், நிலைக்கலாம், திருத்தப்படலாம், அல்லது நாயகர் ஊரைவிட்டுப் போகலாம். எதுவானாலும் அதற்கும் யாரோ விலை கொடுக்க வேண்டும். 1955-இல் முடிந்த டோல்கீனின் பெருங்கதையில் ஷயர் காப்பாற்றப்படுகிறது. காப்பாற்றிய ஹாபிட் ஃப்ரோடோவோ அங்கே வாழ முடியாமல் கப்பல் ஏறுகிறான். அலரி விதியை உடைத்தால் அன்றிரவே ஊரில் முதல் பூட்டு மாட்டப்படும்; மாட்டுவது எதிர்வீட்டுத் தாத்தாவாக இருந்தால் வலிக்கும். விதியைத் திருத்தினால், இறந்தவர் சார்பில் 'இனி உன்னது' என்று சொல்லும் உரிமை யாருக்கு? அந்த உரிமை பெற்றவர் நாளைக்கு என்ன செய்வார்? அதையும் ஒரு காட்சியில் காட்ட வேண்டும்.

வரைவு முடிந்ததும் ஒரு நாட்குறிப்பு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் கதையில் வரும் ஒவ்வொரு விடியலும், மேல்வரியில் கதையில் கைமாறும் ஒவ்வொரு பொருளும். நாடா, விளக்கு, நூல்கண்டு, மூத்தவளின் கோல். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பொருள் யார் கையில் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பதினெட்டாம் நாள் விடிந்த பிறகும் இரவல் விளக்கு அலரி வீட்டில் எரிந்துகொண்டிருந்தால், அந்த அத்தியாயத்தை மீண்டும் எழுத வேண்டும்.